மூன்று நிலை இன்வெர்ட்டர்கள், 20 கே.வி.ஏ. வகுப்பு: வாங்கும் முன் எதைப் பார்ப்பது

தரவுத்தாளின் முதல் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் தடித்த எழுத்தில் இருக்கும்: எத்தனை நிலை (டி.சி.யை ஏ.சி.யாக்கும்போது வெளியீடு எத்தனை வோல்டேஜ் படிகளில் தாவுகிறது), டி.எச்.டி. (அடிப்படை அலையோடு கலந்துவரும் ஹார்மோனிக்ஸின் மொத்த அளவு) எத்தனை சதவீதம். இந்த இரண்டையும் வைத்து ஒரு இன்வெர்ட்டரை எடைபோட்டால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். டி.சி. பஸ்ஸின் (உள்ளே டி.சி. வோல்டேஜ் நிற்கும் பகுதியின்) நடுப்புள்ளி எவ்வளவு நிலையாக நிற்கிறது, ஃபில்டரின் ஒத்ததிர்வு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற இரண்டும்தான் பெட்டியின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. இரண்டும் முதல் பக்கத்தில் வருவதில்லை. பல தரவுத்தாள்களில் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை.

இங்கே மதிப்பிடுவது தனி ஒரு மாடலை அல்ல, ஒரு வகுப்பை: 400 வோல்ட் மூன்று ஃபேஸ், 20 கே.வி.ஏ., 800 வோல்ட் டி.சி. பஸ், 16 கிலோஹெர்ட்ஸ் சுவிட்சிங், வெளியே எல்.சி.எல். ஃபில்டர் (இரண்டு சோக், அதாவது இண்டக்டர் சுருள், நடுவில் கெபாசிட்டர்). கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த எண்களுக்கு உரியவை. உங்கள் பெட்டி வேறு அளவு என்றால் சூத்திரத்தில் எண்ணை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

டி.எச்.டி. என்ற விளம்பர எண்

20 கே.வி.ஏ. பெட்டியின் முழு லோடு மின்னோட்டம் சுமார் 29 ஆம்பியர். அதில் 2 சதவீதம் என்றால் 0.58 ஆம்பியர். லோடைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் அடிப்படை மின்னோட்டம் 2.9 ஆம்பியருக்கு இறங்கிவிடும். ஹார்மோனிக் ஆம்பியர் அதே அளவுக்கு இறங்குவதில்லை. அது அப்படியே 0.58-இல் நின்றால் மீட்டரில் 20 சதவீதம் காட்டும். பெட்டி கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, வகுக்கும் எண் சுருங்கிவிட்டது. அதனால் சதவீதத்தைக் கேட்காமல், 10, 25, 50, 100 சதவீத லோடில் ஒவ்வொரு ஹார்மோனிக்கும் எத்தனை ஆம்பியர் என்ற அட்டவணையைக் கேளுங்கள். கிரிட் இணைப்புக்கான ஐ.ட்ரிபிள்.இ. 1547-2018 தரமும் வரம்புகளை மதிப்பிட்ட மின்னோட்டத்தின் சதவீதமாகத்தான் வைக்கிறது: மொத்தம் 5, இரண்டாவது ஹார்மோனிக் 1, நான்காவது 2. இரட்டைப்படை வரிசைக்கு இவ்வளவு இறுக்கமான வரம்பு இருப்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுப்புள்ளியைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

இன்னொரு ஓட்டை: டி.எச்.டி. கணக்கு வழக்கமாக 40 அல்லது 50-ஆவது ஹார்மோனிக்கோடு நின்றுவிடும். 50 ஹெர்ட்ஸில் அது 2 அல்லது 2.5 கிலோஹெர்ட்ஸ். 16 கிலோஹெர்ட்ஸ் சுவிட்சிங் ரிப்பிள் (சுவிட்ச் தாவுவதால் வரும் சிற்றலை) அந்த வேலிக்கு வெளியே. ஆக, ரிப்பிள் தாராளமாக வெளியேறும் பெட்டியும் '1.8 சதவீதம்' என்று நேர்மையாகவே அச்சிடலாம். 2 முதல் 150 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஸ்பெக்ட்ரம் தர மறுக்கும் விற்பனையாளரிடம் கொஞ்சம் சந்தேகத்தோடே பேசுவது நல்லது.

சரி, கூடுதல் நிலை உண்மையில் எதைத் தருகிறது? இன்வெர்ட்டர் பக்கச் சோக் 1 மில்லிஹென்றி என்றால், ஒரு காலின் (ஒரு ஃபேஸுக்கான சுவிட்ச் தொகுதியின்) உச்சபட்ச ரிப்பிள் இரண்டு நிலையில் 12.5 ஆம்பியர், மூன்று நிலையில் 6.25 ஆம்பியர், உச்சிக்கு உச்சி. பஸ் வோல்டேஜை 8, இண்டக்டன்ஸ், சுவிட்சிங் அதிர்வெண் மூன்றின் பெருக்கலால் வகுத்தால் மூன்று நிலைக்கான எண் வரும். இரண்டு நிலைக்கு 8-க்குப் பதில் 4. சோக் சிறிதாகும், அதன் சூடு குறையும், ஒவ்வொரு சுவிட்சிங்கிலும் தாவும் வோல்டேஜ் பாதியாகும். லாபம் நிஜமானது. ஆனால் பி.டபிள்யூ.எம். முறையில் (துடிப்பின் அகலத்தை மாற்றி அலையை உருவாக்கும் முறையில்) ஓடும் பெட்டியில் 5, 7 போன்ற தாழ்வரிசை ஹார்மோனிக்ஸ் நிலைகளின் எண்ணிக்கையால் வருவதில்லை. அவை டெட் டைம் (ஒரு சுவிட்சை அணைத்து மற்றதை இயக்கும் முன் விடும் இடைவெளி), நடுப்புள்ளி ஆட்டம், கண்ட்ரோல் லூப் மூன்றிலிருந்தும் வருகின்றன. மூன்று நிலைக்குப் போனால் டெட் டைம் பிழை பாதியாகும். நடுப்புள்ளி ஆட்டமோ புதிதாக வந்து சேரும் பிரச்சினை.

நடுப்புள்ளி

800 வோல்ட் பஸ்ஸை இரண்டு கெபாசிட்டர் தொகுதிகள் 400, 400 என்று பிரிக்கின்றன. 1981-இல் நபே, தகஹாஷி, அகாகி மூவரும் என்.பி.சி. (டையோடுகளால் வெளியீட்டை நடுப்புள்ளியோடு பிணைக்கும்) அமைப்பை வெளியிட்ட நாளிலிருந்து இந்த நடுப்புள்ளிதான் தலைவலி. சுவிட்ச் பூஜ்ய நிலைக்குப் போகும்போதெல்லாம் ஃபேஸ் மின்னோட்டம் நடுப்புள்ளிக்குள் போய் வருகிறது. உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமில்லை என்றால் ஒரு பாதி ஏறும், மற்றது இறங்கும்.

மேல் பாதி 410, கீழ்ப் பாதி 390 என்று வைத்துக்கொள்வோம். வெளியீட்டின் நேர் அரைச்சுற்று சற்றுப் பெரிதாகவும் எதிர் அரைச்சுற்று சிறிதாகவும் வரும். 230 வோல்ட் ஃபேஸ் வெளியீட்டில் இது சுமார் 3.4 வோல்ட் உச்சி அளவுக்கு இரண்டாவது ஹார்மோனிக்கை உண்டாக்கும், அடிப்படையில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல். வோல்டேஜில் ஒரு சதவீதம் அற்பம்தானே என்று தோன்றும். ஆனால் 100 ஹெர்ட்ஸில் ஃபில்டரின் இரண்டு சோக்கும் சேர்ந்த 1.5 மில்லிஹென்றியின் தடை ஒரு ஓமுக்கும் குறைவு. கரண்ட் லூப் அமுக்கவில்லை என்றால் 3.4 வோல்ட் 3 ஆம்பியருக்கு மேல் தள்ளிவிடும். வரம்போ 29 ஆம்பியரில் ஒரு சதவீதம், அதாவது 0.29. லூப் ஒரு பங்கை அமுக்கும், எல்லாவற்றையும் அல்ல.

ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். 2, 4 எழும்பியிருந்தால் நடுப்புள்ளி நிலையாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. சராசரி சரியாக இருந்து 150 ஹெர்ட்ஸில் மட்டும் ஊசலாடினால் 5, 7 வளரும். 5, 7 இருந்தும் நடுப்புள்ளி அசையவில்லை என்றால் டெட் டைம் பக்கம் திரும்ப வேண்டும்.

சமன் செய்ய என்ன வழி? மூன்று நிலை, மூன்று ஃபேஸ் என்றால் 27 சுவிட்சிங் நிலைகள், 19 வெக்டர்கள் (வெவ்வேறு மூன்று ஃபேஸ் வெளியீடுகள்). ஆறு சிறிய வெக்டர்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம் உண்டு. ஒன்று நடுப்புள்ளியை ஏற்றும், மற்றது அதே அளவு இறக்கும். வெளியீடு மாறாமல் இவற்றின் பங்கை மாற்றிச் சமன் செய்யலாம். பெரிய வெக்டர்கள் நடுப்புள்ளியைத் தொடுவதில்லை. நடுத்தர வெக்டர்கள் தொடும், மாற்று வடிவமும் கிடையாது. 150 ஹெர்ட்ஸ் ஊசலின் ஊற்று அங்கேதான். மாடுலேஷன் இண்டெக்ஸ் (பஸ் வோல்டேஜில் வெளியீடு பயன்படுத்தும் பங்கு) உயர உயரச் சிறிய வெக்டர்களின் நேரம் சுருங்கும், பவர் ஃபேக்டர் குறையக் குறைய ஊசல் பெருக்கும். ஆகவே பவர் ஃபேக்டர் 1-இல் மட்டும் எடுத்த சோதனை அறிக்கையை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது.

கேரியர் முறையில் (முக்கோண அலையோடு ஒப்பிட்டுச் சுவிட்ச் செய்யும் முறையில்) ஓடும் பெட்டிகளில் இதே வேலையை மூன்று ஃபேஸுக்கும் பொதுவாகச் சேர்க்கும் ஒரு சிறு ஆஃப்செட் செய்கிறது. இங்கே மலிவான ஃபர்ம்வேர்கள் மூன்று இடத்தில் சறுக்கும். முதலாவது, பவர் திசை. ஆஃப்செட்டின் குறி பவர் பஸ்ஸிலிருந்து வெளியே போகிறதா, உள்ளே வருகிறதா என்பதைப் பொறுத்தது. திசை மாறும்போது குறியை மாற்றாத ஃபர்ம்வேர் சமன் செய்வதற்குப் பதில் சாய்வை வளர்த்துக்கொண்டே போகும். சில சுற்றுகளில் ஓவர்வோல்டேஜ் ட்ரிப். பாட்டரி சார்ஜ், டிஸ்சார்ஜ் இரண்டும் செய்யும் பெட்டியில் இதைச் சோதிக்காமல் வாங்கவே கூடாது. இரண்டாவது, முழு ரியாக்டிவ் லோடு. ஒரு சுற்றின் சராசரிப் பவர் பூஜ்யம் என்பதால் நிலையான ஆஃப்செட்டுக்குப் பிடிமானமே இருக்காது. ஒவ்வொரு கணமும் ஃபேஸ் மின்னோட்டத்தின் குறியைப் பார்த்துச் சிறிய வெக்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை வேண்டும். மூன்றாவது, லோடே இல்லாத நிலை. மின்னோட்டம் இல்லையென்றால் எந்த வெக்டரும் நடுப்புள்ளியை அசைக்காது. அப்போது கெபாசிட்டர்களின் கசிவு வித்தியாசம்தான் ஆட்சி செய்யும். அதற்காகத்தான் ஒவ்வொரு பாதிக்கும் இணையாக ஒரு பிளீடர் ரெசிஸ்டர். 47 கிலோ ஓம் என்றால் 8.5 மில்லிஆம்பியர், 3.4 வாட், 5 வாட் ரெசிஸ்டர் தாராளம் போலத் தெரிந்தாலும் மூடிய பெட்டிக்குள் 10 வாட் போட்டவரே பின்னாளைப் பற்றி யோசித்தவர்.

சென்சாரையும் விட்டுவிடக் கூடாது. ஒரு பாதியின் வோல்டேஜ் சென்சார் 1 சதவீதம் தவறாகக் காட்டினால், கண்ட்ரோலர் 4 வோல்ட் வித்தியாசத்தை விசுவாசமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். திரையில் இரண்டு பாதியும் அச்சாகச் சமம். வெளியே இரண்டாவது ஹார்மோனிக். பெட்டியின் டிஸ்ப்ளேவை நம்பாமல் தனி மீட்டரில் இரண்டு பாதியையும் அளக்க வேண்டும் என்பது இதனால்தான்.

நான்கு வயர் பெட்டிகள்

நியூட்ரல் வயரை நேராக நடுப்புள்ளியில் கட்டிவிட்டு 'மூன்று ஃபேஸ் நான்கு வயர்' என்று விற்கும் பெட்டிகள் உண்டு. ஒவ்வொரு பாதியும் 1000 மைக்ரோஃபாரட் என்றால் நடுப்புள்ளி பார்ப்பது 2000 மைக்ரோஃபாரட். ஒரே ஃபேஸில் 29 ஆம்பியர் லோடு போட்டால், அந்த முழு மின்னோட்டமும் 1.6 ஓம் தடை வழியாகப் பாய்ந்து நடுப்புள்ளியை 46 வோல்ட் ஆர்.எம்.எஸ். அளவுக்கு ஆட்டும். அதைவிட மோசம், அரை அலை மட்டும் இழுக்கும் லோடு: ஒரு டையோடைத் தொடரில் வைத்துச் சக்தியைப் பாதியாக்கும் ஹீட்டர்கள் அப்படிப்பட்டவை. ஒரே ஒரு ஆம்பியர் டி.சி. நியூட்ரலில் வந்தாலும், தடுக்க எதுவும் இல்லாத நடுப்புள்ளி நொடிக்கு 500 வோல்ட் வேகத்தில் ஓடும். பெட்டி நூறு மில்லி நொடிக்குள் ட்ரிப் ஆவதன் காரணம் இதுதான். 'லோடு சரியில்லை' என்று சர்வீஸ் ஆள் சொல்வதில் பாதி உண்மை மட்டுமே.

தனித்து ஓடும் பெட்டியில் நியூட்ரலுக்குத் தனியாக நான்காவது கால், அல்லது நடுப்புள்ளியைப் பிடித்து நிறுத்தும் தனி பேலன்சர் கால் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத நான்கு வயர் பெட்டிக்கு எங்கள் தீர்ப்பு ஒரே வார்த்தை: வேண்டாம்.

ஃபில்டர் எங்கே ஒத்ததிர்கிறது

இந்த வகுப்பில் பழக்கமான ஒரு சேர்க்கையை எடுத்துக்கொள்வோம்: இன்வெர்ட்டர் பக்கம் 1 மில்லிஹென்றி, கிரிட் பக்கம் 0.5 மில்லிஹென்றி, நடுவில் ஃபேஸுக்கு 10 மைக்ரோஃபாரட் ஸ்டார். கெபாசிட்டர் எடுக்கும் ரியாக்டிவ் சுமார் 500 வார், மதிப்பிட்ட அளவில் 2.5 சதவீதம், 5 சதவீதத்துக்குள் இருப்பதால் குறை சொல்ல ஏதுமில்லை. ஒத்ததிர்வு 2760 ஹெர்ட்ஸ். கிரிட் அதிர்வெண்ணின் பத்து மடங்குக்கு மேல், சுவிட்சிங்கின் பாதிக்குக் கீழ் என்ற பாடப்புத்தக விதிக்கும் பொருந்துகிறது.

இருந்தும் இந்தச் சேர்க்கை ஒரு பொறி. டிஜிட்டல் கண்ட்ரோலில் கணக்கிடவும் பி.டபிள்யூ.எம். புதுப்பிக்கவும் சேர்ந்து ஒன்றரைச் சுழற்சித் தாமதம். ஒரு சுழற்சிக்கு ஒருமுறை மாதிரி எடுக்கும் பெட்டியில் அதன் விளைவாக, சுவிட்சிங் அதிர்வெண்ணின் ஆறில் ஒரு பங்கு, அதாவது 2667 ஹெர்ட்ஸ், ஒரு எல்லைக்கோடாகிறது. கிரிட் பக்க மின்னோட்டத்தை மட்டும் பார்த்து ஓடும் லூப், ஒத்ததிர்வு இந்தக் கோட்டுக்கு மேல் இருந்தால் நிலையாக நிற்கும். இன்வெர்ட்டர் பக்க மின்னோட்டத்தைப் பார்க்கும் லூப் கோட்டுக்குக் கீழே நிலையாக நிற்கும். கெபாசிட்டர் மின்னோட்டத்தைக் கொண்டு செய்யும் ஆக்டிவ் டேம்பிங் (ரெசிஸ்டர் இல்லாமல் கண்ட்ரோல் வழியே ஒத்ததிர்வை அடக்குவது), கோட்டைத் தாண்டியதும் டேம்ப் செய்வதற்குப் பதில் எதிர்மாறாக வேலை செய்யும். 2760 அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே. கிரிட் பக்கம் வெறும் 1 மில்லிஹென்றி கூடினால் 2055-க்கு இறங்கிவிடும்.

1 மில்லிஹென்றி என்பது பலவீனமான கிரிட் கூட இல்லை. 20 கே.வி.ஏ.வுக்கு அடிப்படை இம்பீடன்ஸ் 8 ஓம். 1 மில்லிஹென்றி 0.31 ஓம், ஷார்ட் சர்க்யூட் விகிதம் (அடிப்படை இம்பீடன்ஸைக் கிரிட்டின் இம்பீடன்ஸால் வகுத்தது) 25-க்கு மேல். விகிதம் 10 ஆனால் 2.5 மில்லிஹென்றி, ஒத்ததிர்வு 1840 ஹெர்ட்ஸ். ஆய்வகத்தின் தடித்த கேபிளில் அமைதியாக ஓடிய பெட்டி, நீண்ட கேபிளின் கடைசியில் கீச்சென்று கத்துவதும் கெபாசிட்டர் சுடுவதும் இதனால்தான்.

தீர்வுகளில் எங்களுக்குப் பிடித்தது பழையதுதான்: கெபாசிட்டரோடு தொடரில் ஒரு ரெசிஸ்டர். ஒத்ததிர்வில் கெபாசிட்டர் தடை 5.8 ஓம்; அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 2 ஓம். சில வாட் வீணாகும், ஆனால் கிரிட் எப்படி மாறினாலும் வேலை செய்யும். 'முழுக்க ஆக்டிவ் டேம்பிங், நஷ்டமே இல்லை' என்று பெருமை பேசும் பெட்டி என்றால், எந்தக் கிரிட் இண்டக்டன்ஸ் வரை சோதித்தீர்கள் என்று மில்லிஹென்றியில் பதில் கேளுங்கள்.

டெட் டைம்

2 மைக்ரோ நொடி டெட் டைம், 400 வோல்ட் படி, 16 கிலோஹெர்ட்ஸ்: பெருக்கினால் 12.8 வோல்ட். மின்னோட்டத்தின் குறியோடு மாறும் சதுர அலை இது. அதன் ஐந்தாவது ஹார்மோனிக் 3.3 வோல்ட், ஏழாவது 2.3. ஈடுசெய்யும் கணக்கு எல்லா ஃபர்ம்வேரிலும் உண்டு. வித்தியாசம் பூஜ்யக் கடப்பில் தெரியும். ரிப்பிளால் மின்னோட்டம் பூஜ்யத்தைப் பலமுறை கடக்கும் இடத்தில் குறியை மட்டும் பார்த்து முழு 12.8 வோல்ட்டையும் மாற்றி மாற்றிச் சேர்க்கும் பெட்டி, ஈடுசெய்யாத பெட்டியைவிட மோசமான அலையைத் தரும். ரிப்பிளின் பாதி அளவு அகலத்துக்குச் சரிவாக ஏற்றி இறக்குவதே சரி. லேசான லோடில் மின்னோட்ட அலையின் பூஜ்யக் கடப்பில் தட்டையான படி தெரிகிறதா, பல் பல்லாக நடுங்குகிறதா என்று ஆசிலாஸ்கோப்பில் பாருங்கள். முதலாவது குறைவான ஈடு, இரண்டாவது அவசரமான ஈடு.

மிச்சத்தை ரெசனன்ட் கண்ட்ரோலர்கள் (ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைக் குறிவைப்பவை) அமுக்கும். 5, 7 இரண்டுக்கும் அடிப்படை அலையோடு சேர்ந்து சுழலும் அச்சில் 300 ஹெர்ட்ஸில் ஒன்று போதும். 11, 13-க்கும் போட்டிருப்பதாகச் சொன்னால் தாமத ஈடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 650 ஹெர்ட்ஸில் ஒன்றரைச் சுழற்சித் தாமதம் 22 டிகிரியைத் தின்றுவிடும்.

வோல்டேஜ் நிலைத்தன்மை

கிரிட்டோடு ஓடும்போது பலவீனமான முனையில் முதலில் தடுமாறுவது பி.எல்.எல்., அதாவது கிரிட் அலையின் கோணத்தைப் பின்தொடரும் பகுதி. இன்வெர்ட்டர் தான் தள்ளும் மின்னோட்டத்தால் தானே மாற்றிய வோல்டேஜையே பார்த்துக் கோணத்தைத் தீர்மானிக்கிறது. ஷார்ட் சர்க்யூட் விகிதம் 3-க்குக் கீழே போனால் வேகமான பி.எல்.எல். ஊசலாடத் தொடங்கும், அதன் பட்டை அகலத்தைக் குறைக்கும் அமைப்பு மெனுவில் இருக்க வேண்டும். வோல்டேஜைப் பார்த்து ரியாக்டிவ் கொடுக்கும் வசதியும் அப்படித்தான். ஐ.ட்ரிபிள்.இ. 1547-இன் பி வகைக்கு இயல்பான பதில் நேரம் 5 நொடி. அதை வேகப்படுத்தி, ஒரே கேபிளில் இரண்டு பெட்டிகளை வைத்தால் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வோல்டேஜை ஆட்டும்.

தனித்து ஓடும்போது கேட்க வேண்டியது வேறு: கிரெஸ்ட் ஃபேக்டர் (உச்சிக்கும் ஆர்.எம்.எஸ்.ஸுக்கும் உள்ள விகிதம்) 3 உள்ள ரெக்டிஃபையர் லோடில் வெளியீட்டு வோல்டேஜ் டி.எச்.டி. எவ்வளவு? ரெசிஸ்டர் லோடில் எடுத்த எண்ணால் பயனில்லை.

சோதிக்கும் வரிசை

வாங்கும் முன் அரை நாள் கிடைத்தால் போதும். மின்னோட்டம் கட்டுப்படுத்திய டி.சி. சப்ளையில் பஸ்ஸை மெல்ல ஏற்றி, லோடு இல்லாமல் கால் மணி நேரம் விட்டு இரண்டு பாதிகளையும் தனி மீட்டரில் அளக்கவும். வித்தியாசம் 4 வோல்ட்டுக்குள் நின்றால் நல்லது. பிறகு 10 சதவீத லோடில் 2 முதல் 13 வரையிலான ஹார்மோனிக்ஸை ஆம்பியரில் குறிக்கவும். அடுத்து பவர் ஃபேக்டர் 0.8, முந்தியும் பிந்தியும், 150 ஹெர்ட்ஸ் ஊசலைப் பார்த்தபடி. இரு திசைப் பெட்டி என்றால் பாதிப் பவரில் திசையை ஒரே தாவலில் மாற்றவும். கடைசியாகக் கிரிட் பக்கம் ஃபேஸுக்கு ஒரு 2.5 மில்லிஹென்றி சோக்கைத் தொடரில் வைத்து முதலில் கால் லோடு, பிறகு முழு லோடு. ஆசிலாஸ்கோப்பில் 1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை ஏதாவது முளைக்கிறதா என்று கவனிக்கவும். சோக் முழு மின்னோட்டத்தில் சாச்சுரேட் ஆகாததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் சோதிப்பது சோக்கைத்தான்.

எதை வாங்கலாம்

800 வோல்ட் பஸ், 16 கிலோஹெர்ட்ஸ், 20 கே.வி.ஏ. என்றால் டி-டைப் (நடுப்புள்ளியோடு இணைக்கத் தனிச் சுவிட்சுகள் உள்ள மூன்று நிலை அமைப்பு). வெளிச் சுவிட்சுகள் 1200 வோல்ட், உள்ளே 650 வோல்ட்; முழு வோல்டேஜ் நிலையில் மின்னோட்டம் ஒரே சுவிட்ச் வழியாகப் போவதால் கடத்தும் நஷ்டம் குறைவு, கேட் டிரைவும் எளிது. பஸ் 1500 வோல்ட்டுக்குப் போனால் டி-டைப்பின் வெளிச் சுவிட்ச் அந்த முழு வோல்டேஜையும் தாங்க வேண்டும்; அங்கே என்.பி.சி. அல்லது ஆக்டிவ் என்.பி.சி. (டையோடுக்குப் பதில் சுவிட்ச்) பொருத்தம். சாதா என்.பி.சி.யில் வெளிச் சுவிட்சும் உள் சுவிட்சும் சமமாகச் சுடுவதில்லை. ஆக்டிவ் வகை பூஜ்ய நிலைக்கு இரண்டு பாதை தருவதால் சூட்டைப் பங்கிட முடியும்.

1992-இல் மெய்னார், ஃபோஷ் தந்த ஃபிளையிங் கெபாசிட்டர் அமைப்பு கேரியர்களைத் தள்ளி வைத்தால் இயல்பாகவே சமநிலைக்கு வரும் குணமுடையது. ஆனால் தொடங்கும் முன் கெபாசிட்டரைப் பாதி பஸ் வோல்டேஜுக்கு ஏற்ற வேண்டும், அதற்கான சுற்று பழுதானால் முதல் சுவிட்சிங்கிலேயே சேதம். அடுக்கு எச்-பிரிட்ஜ் ஒவ்வொரு செல்லுக்கும் தனித்த டி.சி. கேட்கும், தனித்தனிப் பாட்டரிகள் இருந்தால் அருமை. இரண்டு செல், 90 டிகிரி தள்ளிய 1 கிலோஹெர்ட்ஸ் கேரியர்கள் என்றால் ஹார்மோனிக் கூட்டம் 4 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடும். செல்லின் கெபாசிட்டர் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளைத் தாங்க வேண்டும் என்பதால் பெரிதாகத்தான் இருக்கும். லெஸ்னிகார், மார்குவார்ட் 2003-இல் முன்வைத்த எம்.எம்.சி. (பல சிறு தொகுதிகளை அடுக்கும் அமைப்பு) உயர் அழுத்த டி.சி. கடத்தலுக்கு உரியது, இந்த அளவில் வெறும் ஆடம்பரம்.

என்.பி.சி. வாங்குவோர் கடைசியாக ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்: ட்ரிப் வரிசை. அணையும்போது வெளிச் சுவிட்ச் முதலில், சில மைக்ரோ நொடி கழித்து உள் சுவிட்ச். உள் சுவிட்ச் முந்திக்கொண்டால் 650 வோல்ட் சாதனத்தின் மேல் முழு 800 வோல்ட்டும் வந்து நிற்கும். மென்பொருள் வழி ட்ரிப்பில் எல்லாப் பெட்டியும் இந்த வரிசையைக் காக்கும். டிரைவர் சிப்பின் டீசாச்சுரேஷன் பாதுகாப்பு (சுவிட்சில் மிகை மின்னோட்டத்தைக் கண்டுபிடிப்பது) தானாக அணைக்கும்போதும் காக்கிறதா என்பதை இரண்டு கேட்களிலும் ப்ரோப் வைத்து, குறைந்த பஸ் வோல்டேஜில் காட்டச் சொல்லுங்கள்.